அந்தக் கச்சேரியை நீ எங்கிருந்து பார்த்தாய்

பிரபு,

நேற்று போனில் நான் "சரி" என்று சொன்னதை நீ நம்பியிருப்பாய். உன் தங்கை செல்வி பக்கத்தில் உட்கார்ந்து மதிய ஷிஃப்டுக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டிருந்தாள். அவள் காதில் நம் தகராறு விழ வேண்டாம் என்றுதான் அப்படிச் சொல்லி வைத்தேன். நீ அப்பாவைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு டிவிக்காரர்கள் வருகிற ஞாயிற்றுக்கிழமை பென்னலூருக்கு, நம் வீட்டுக்கே வருகிறார்கள் என்றாய். அப்பா படுத்திருந்த கட்டிலைப் பழையபடி ஜன்னலோரம் போடச் சொன்னாய். மாலை போட்ட போட்டோ கேமராவில் விழுகிற மாதிரி டிவிக்கு மேலே மாட்டச் சொன்னாய். நான் எந்தப் புடவை கட்ட வேண்டும் என்பதைக்கூட உன் மனைவியைக் கேட்டு முடிவு செய்துவிட்டாய். கடைசியாகத்தான் விஷயத்துக்கு வந்தாய். "நீ ஒண்ணும் பெருசா பேச வேணாம்மா. கச்சேரி அன்னிக்கி நான் அப்பா கையப் புடிச்சிகினு பக்கத்துலயே குந்தினு இருந்தேன்னு சொல்லு, போதும். மீதிய நான் பாத்துக்கறேன்."

மீதியை நீ பார்த்துக்கொள்வாய், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த ஒரு வரியை என் வாயால் சொல்லச் சொல்கிறாயே, அதைத்தான் என்னால் செரிக்க முடியவில்லை. போனில் உன்னோடு பேச எனக்கு வராது. நீ குன்றத்தூர் ஃப்ளாட்டுக்குப் போன பிறகு, சூப்பர்வைசர் ஆன பிறகு, என்னிடம் பேசுவதும் மீட்டிங்கில் பேசுவது மாதிரி ஆகிவிட்டது. நான் இரண்டு வார்த்தை சேர்ப்பதற்குள் "மா, ஒரு கால் வருது" என்று வைத்துவிடுகிறாய். எழுதினால் நடுவில் வைக்க முடியாது பார். முழுசாகப் படி. இது ரகசியக் கடிதமும் இல்லை. உன் மனைவிக்குக் காட்டு, அந்த டிவிக்காரர்களுக்குக் காட்டு, யார் படித்தாலும் எனக்கு வெட்கமில்லை.

நீ எழுதியதை நான் எப்படிப் படித்தேன் என்று உனக்குத் தெரியாது. நீ எனக்கு அனுப்பவில்லை. ஒரகடத்தில் எங்கள் கேன்டீனில் சாப்பாட்டு நேரம் முடிந்து, நான் சாம்பார் வாளியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன். புதிதாகச் சேர்ந்த டிரெய்னி பெண் ஒருத்தி கண்ணைத் துடைத்தபடி கவுன்டருக்கு வந்து, "அக்கா, இத்தப் படிச்சிப் பாரேன். எனக்கு அழுகையே வந்துடுச்சி" என்று போனை நீட்டினாள். 'பழைய இரும்பு' பேண்டின் ரசிகர்கள் சேர்ந்து வைத்திருக்கும் பக்கம் அது. ஒரு தமிழ் பேண்டின் கச்சேரி முழுசாக, நேரடியாக டிவியில் வந்தது, சில வருஷம் முன்னால் அந்த ஞாயிற்றுக்கிழமைதானாம், முதல் தடவை. அதைக் கொண்டாடுவதற்காக, அந்தச் சாயங்காலம் எங்கே இருந்தீர்கள், யாரோடு பார்த்தீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள், ஆளாளுக்கு எழுதியிருக்கிறார்கள். அந்தப் பெண்ணுக்கு அது என் மகன் எழுதியது என்று தெரியாது. எனக்கே கொஞ்சம் நேரம் ஆயிற்று. ஜன்னலோரக் கட்டில், வேப்பமர நிழல், அப்பா ஒரு காலத்தில் கல்யாண ஆர்க்கெஸ்ட்ராவில் டிரம்ஸ் வாசித்தது என்று ஒவ்வொன்றாக வரவரத்தான், அட, இது நம் வீடு ஆயிற்றே என்று உறைத்தது.

வீட்டுக்கு வந்து செல்வியின் போனில் அந்தப் பக்கத்தை முழுவதும் படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறார்கள், ஊர்ப்பட்ட பிள்ளைகள். ஹாஸ்டல் வார்டன் ரிமோட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டதால், எதிர் வீட்டு ஜன்னல் வழியாகச் சத்தமே இல்லாமல் பார்த்தோம் என்று திருநெல்வேலிப் பக்கத்துப் பெண் ஒருத்தி எழுதியிருந்தாள். வல்லம் வடகாலில் கேட் செக்யூரிட்டியாக இருந்த ஒருவர், லாரிக்குக் கதவைத் திறந்துவிட்டு ஓடி ஓடி வந்து பார்த்ததாகவும், தனக்குப் பிடித்த பாட்டின்போது பார்த்து மூன்று கன்டெய்னர் வரிசையாக வந்து நின்றதாகவும் எழுதியிருந்தார். இன்னொருவன் ஒரே வரி. "பாதியில் கரண்ட் போச்சு, மீதி எனக்குத் தெரியாது." அவனை நான் அப்படியே நம்பினேன். கேன்டீனில் இத்தனை வருஷம் தட்டு வாங்கி வைத்தவள் நான். யார் பசியோடு சாப்பிட்டான், யார் பேருக்குச் சாப்பிட்டான் என்று தட்டைப் பார்த்தாலே தெரியும். எழுத்தும் அப்படித்தான் இருக்கிறது.

உன்னுடையதுதான் எல்லாவற்றிலும் நீளம். அதற்குத்தான் அதிகம் பேர் அழுதிருக்கிறார்கள். அப்பாவுக்கு வயிற்றில் கட்டி, டாக்டர்கள் கைவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று ஆரம்பித்தாய், அது உண்மை. அந்த ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் இருந்தும் வேலையைத் தூக்கிப் போட்டுவிட்டு அப்பா பக்கத்தில் உட்கார்ந்தேன் என்று எழுதினாய். உன் உள்ளங்கையில் அவர் விரலால் தாளம் போட்டார் என்று எழுதினாய். நடுவில் நீ ஸ்பூனால் கஞ்சி கொடுத்தாயாம், அவர் தாளம் தப்பக்கூடாது என்று வாயை மட்டும் திறந்தாராம். கடைசிப் பாட்டு முடிகிறவரை அந்த விரல் நிற்கவேயில்லை, இன்றும் என் கையில் அந்தத் தாளம் இருக்கிறது என்று முடித்திருந்தாய். பொய் சொல்ல உன் நாக்கு கூசாது என்பது தெரியும். விரலும் கூசாது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அந்தப் பேண்டை வீட்டுக்குள் கொண்டுவந்தவன் நீதான், அதை யாரும் மறுக்கவில்லை. முதலில் அப்பாவுக்குப் பிடிக்கவே இல்லை. வாரம் முழுக்க ப்ரெஸ் ஷாப்பில் தகட்டைத் தட்டுகிற சத்தத்தைக் கேட்டுவிட்டு வந்தால், வீட்டிலும் அதே சத்தமா என்பார். தகர டப்பாவை உருட்டுகிறான்கள் என்று கேலி செய்வார். பிறகு ஒரு நாள் நீ போனை அவர் காதருகே வைத்து, பாட்டை விட்டுவிட்டு டிரம்ஸை மட்டும் கேளுங்கள் என்றாய். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "டேய், இந்தப் பையனுக்குக் கால் பேசுதுடா" என்றார். அதற்கப்புறம் உங்கள் இரண்டு பேர் தொல்லை தாங்கவில்லை. அந்த டிரம்மர் காலால் அடிக்கிற அடியைச் சாப்பாட்டுத் தட்டில் வாசித்துக் காட்டுவார். ரசம் சிந்தும். நான் கத்துவேன். நீங்கள் இரண்டு பேரும் சிரிப்பீர்கள். கச்சேரி டிவியில் வரப்போகிறது என்று தெரிந்த அன்றைக்கு அவர் ஏற்கெனவே படுத்துவிட்டார். உன்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, அன்றைக்கு நீ வந்துவிட வேண்டும், எந்தப் பாட்டு எப்போது வரும் என்று சொல்ல எனக்கு ஆள் வேண்டும் என்று கேட்டார். நீ தலையாட்டினாய். நான் பார்த்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ தங்கியிருந்த ரூமிலிருந்து வந்ததை இப்போதும் அப்படியே சொல்வேன். கம்பெனி சட்டை போட்டிருந்தாய். வெளிர்நீலம், தோளில் ஆரஞ்சுப் பட்டை, கழுத்தில் அடையாள அட்டை. கட்டிலில் உட்காரவில்லை, ஓரத்தில் நின்றுகொண்டே பேசினாய். ஓ.டி. கட்டாயம் என்று சொல்லிவிட்டார்கள், புது மாடலுக்கு லைனை மாற்றுகிறார்கள், வராவிட்டால் பெயரை எழுதிவிடுவார்கள் என்றாய். அப்பா முகம் ஒரு நிமிஷம் வாடியது. ஆனால் அவரும் ஆயுசு முழுக்க ஷிஃப்டுக்கு ஓடியவர்தானே. "போடா போ. லைன் நிக்கக்கூடாது" என்றார். நீ செருப்பை மாட்டிக்கொண்டு போனாய். செல்வி அந்த மாதம் முழுக்க வேலைக்குப் போகவில்லை. எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் ஒப்பந்தத்தில் எடுத்திருந்தார்கள், இரண்டு தடவை ஆள் அனுப்பிப் பார்த்துவிட்டு அவள் பெயரை அடித்துவிட்டார்கள். அதை அவள் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. நீயும் கேட்கவில்லை.

சாயங்காலம் டிவியைப் போட்டோம். பக்கத்து வீட்டுக் கஸ்தூரியும் வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள். செல்வி கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கையை மேலே வைத்தாள், அவர் அவளுடைய உள்ளங்கையை இழுத்துத் தன் மார்மேல் வைத்துக்கொண்டார். முதல் பாட்டு ஆரம்பித்ததும் அவர் விரல் அதில் ஆட ஆரம்பித்தது. மருந்து வாடையும் வலியும் போன இடம் தெரியவில்லை. கஞ்சி கொடுத்தது நான், ஸ்பூனில் இல்லை, டம்ளரில். வாயை மட்டும் திறந்தார் என்பது உண்மைதான். செல்வியைப் பார்த்து, இது எந்தப் பாட்டு, இது எந்தப் பாட்டு என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவளுக்கு எங்கே தெரியும், உங்கள் பாட்டு? தெரிந்த மாதிரி ஏதோ ஒரு பேர் சொன்னாள். அவரும் அது தப்பென்று தெரியாத மாதிரி தலையாட்டினார். அந்த வீட்டில் எனக்குத் தெரிந்து அவ்வளவு சந்தோஷமான நேரம் அந்த மாதத்தில் வேறு இல்லை.

பிறகு கேமரா கூட்டத்துக்குத் திரும்பியது. மைதானம் முழுக்கக் கறுப்பு பனியன். நடுவில் ஒரே ஒரு நீலச் சட்டை, தோளில் ஆரஞ்சுப் பட்டை, கழுத்தில் அட்டை குதித்துக் குதித்து முகத்தில் அடிக்கிறது. உன் பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் வெளியூர்ப் பிள்ளைகள் மாதிரி இருந்தார்கள். நீ இரண்டு கையையும் தூக்கி, கண்ணை மூடி, வாய்விட்டுப் பாடிக்கொண்டிருந்தாய். ஆமாம் பிரபு. உன்னைப் பார்த்தோம். இதுவரை உன்னிடம் யாரும் சொன்னதில்லை. உன் அப்பா பார்த்தார், நான் பார்த்தேன், எல்லோருக்கும் முன்னால் செல்வி பார்த்தாள்.

எனக்கு முதலில் புரியக்கூட இல்லை. செல்வி சடாரென்று எழுந்து டிவிக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். வயர் லூசாக இருக்கிறது என்று சொல்லி, பெட்டிக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினாள். ஒன்றும் லூசாக இல்லை. அப்பா, "நவுரு செல்வி. மறைக்காத" என்றார். அவள் நகர வேண்டியதாயிற்று. அந்தக் கேமராக்காரனுக்கு உன்மேல் என்ன பிரியமோ. வேலை விட்ட கையோடு ஓடி வந்த தொழிலாளி என்று நினைத்துவிட்டான் போலிருக்கிறது. பாட்டுக்குப் பாட்டு உன்னையே காட்டினான். பொய் மெய் மாதிரி தெரிய வேண்டும் என்று சீருடை போட்டுக்கொண்டு வந்தாய், அங்கே போய் ஒரு கறுப்பு பனியன் வாங்கி மாட்டிக்கொள்ளத் தோன்றவில்லை உனக்கு. அவ்வளவு அவசரம். கஸ்தூரி சும்மா இருப்பாளா? "இன்னாண்ணா, நம்ம பிரபு மாதிரியே கீதே" என்றாள். உன் அப்பா டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கம்பெனி சட்ட. அத்தப் போட்டா எல்லாரும் ஒரே மாதிரிதான் தெரிவாங்க" என்றார்.

கச்சேரி அதற்கப்புறமும் வெகுநேரம் நடந்தது. அவருக்குப் பிடித்த அந்தக் கால் அடி வருகிற பாட்டும் வந்தது. ஆனால் விரல் நின்றுவிட்டது. உன்னைப் பார்த்த இடத்தில் நின்ற விரல் திரும்ப ஆரம்பிக்கவே இல்லை. கையை மட்டும் செல்வியின் கையிலிருந்து எடுக்கவில்லை. கடைசிப் பாட்டு வரை நிற்கவில்லை என்று எழுதியிருக்கிறாயே. அது உனக்கு எங்கிருந்து வந்தது என்றும் எனக்குத் தெரியும். காரியம் முடிந்த அன்று நீ கிணற்றடியில் தனியாக உட்கார்ந்து அழுதாய். செல்விதான் உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நீ இல்லியேன்னு வருத்தப்படாதண்ணா. அப்பா சந்தோசமாதான் பாத்தாரு. கடைசிப் பாட்டு வரிக்கும் என் கைல தட்டிகினேதான் இருந்தாரு" என்று சொன்னாள். உன்னை ஆற்றுவதற்காக அவள் சொன்ன பொய் அது. அதையும் எடுத்துக்கொண்டாய், அதிலிருந்து அவளையும் எடுத்துவிட்டாய்.

கச்சேரி முடிந்து கஸ்தூரி போன பிறகு நான் உன்னைத் திட்ட ஆரம்பித்தேன். வாயில் என்ன வந்ததோ அதையெல்லாம் சொன்னேன். உன் அப்பா கையைக் காட்டி நிறுத்தினார். "கேக்காத. யாரும் அவன்கிட்ட ஒண்ணும் கேக்கக்கூடாது. அவனா சொல்லுவான்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். செல்வியும் நானும் இத்தனை வருஷம் அந்தப் பேச்சைக் காப்பாற்றினோம்.

அடுத்த தடவை நீ வந்தபோது அவர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தார், நீ வருகிறாய் என்று முகம் கழுவிவிடச் சொன்னார். உனக்கு அது எதற்கென்று தெரியாது, எனக்குத் தெரியும். அன்றைக்கு ஓ.டி. எப்படிப் போயிற்று என்று கேட்டார். நீ கொஞ்சம்கூடத் திணறவில்லை. கன்வேயர் பெல்ட் அறுந்துவிட்டது, லைன் நின்றுவிட்டது, மெயின்டனன்ஸ்காரன் வர நேரமாயிற்று என்று அளந்தாய். அவர் பெல்ட் எந்தப் பக்கம் அறுந்தது என்று கேட்டார். அதற்கும் சொன்னாய். "மாத்தசொல்ல கை உள்ள போயிடப்போவுது, ஜாக்கிரத" என்றார். அதற்கு அடுத்த வாரமும் கேட்டார். வேற இன்னாடா விசேஷம், அந்த ஞாயித்துக்கிழமை வேற ஒண்ணும் நடக்கலியா என்று சுற்றி வளைத்துக் கேட்டார். நீ ஒன்றுமில்லை என்றாய். உனக்குக் கதவைத் திறந்து கொடுத்துக் கொடுத்துப் பார்த்தார் அந்த மனுஷன். நீ திரும்பத் திரும்ப அதைச் சாத்திவிட்டுப் போனாய்.

கோபத்தில் சொல்லவில்லை பிரபு, கேட்டுக்கொள். நீ போனதில் எனக்கு இன்றைக்குக் கோபமில்லை. அந்த வயதில், நோயாளி பக்கத்தில் டெட்டால் வாடையில் உட்கார எந்தப் பிள்ளைக்கு மனசு வரும்? கச்சேரிக்குப் பாஸ் கையில் இருக்கிறது, உயிரான பேண்ட், போனாய். உன் அப்பாவுக்கும் அதில் கோபமில்லை என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும். அவர் எதிர்பார்த்தது மன்னிப்பே இல்லை. ஒரு நாள் நான் தாங்க மாட்டாமல், நானே கேட்டுவிடட்டுமா என்றேன். வேண்டாம் என்றார். கொஞ்ச நேரம் கழித்து, எதிரே நின்று கேட்டால் அந்தக் கால் அடி நெஞ்சில் வந்து இடிக்குமாமே, டிவியில் அது தெரியவில்லை, அவனைத்தான் கேட்க வேண்டும் என்றார். அதைத்தான் கேட்கக் காத்திருந்தார். அந்த வீட்டில் அந்த டிரம்ஸை உடம்பால் கேட்டவன் நீ ஒருத்தன்தான். முதலிலிருந்து கடைசிவரை நீ சொல்லியிருந்தால், கூட்டம் எப்படி இடித்தது, மேடை எவ்வளவு உயரம், அவன் குச்சியை எப்படிப் பிடித்தான் என்று சொல்லியிருந்தால், அவர் பாதி நோயை மறந்திருப்பார். ஊரையே கூப்பிட்டு, என் மகன் டிவியில் வந்தான் என்று பீற்றியிருப்பார். நீ கன்வேயர் பெல்ட்டைப் பற்றிச் சொன்னாய். அதைக் கேட்டுக்கொண்டே போய்ச் சேர்ந்தார்.

இதையும் நான் விழுங்கிக்கொண்டுதான் இருந்தேன். நீ கல்யாணம் செய்தாய், மேலே வந்தாய், உன் வீட்டுக்கு வந்தபோதெல்லாம் சிரித்துவிட்டுத்தான் திரும்பினேன். இப்போது என்னை எழுத வைத்தது உன் பொய்கூட இல்லை. செல்விதான். நீ எழுதியதைப் படித்துவிட்டு அவள் அதன் கீழே ஒரு இதயத்தை மட்டும் போட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஏண்டி, அது நீ இல்லையா, உன் கைதானே என்று கத்தினேன். "உடும்மா. அண்ணன் எழுதினத நாலஞ்சி வாட்டிப் படிச்சிட்டேன். இப்ப எனக்கே அது அண்ணன் கைன்னுதான் தோணுது. நான் அங்க இருந்தேனாம்மா?" என்று கேட்டாள்.

நான் அங்கே இருந்தேனா என்று கேட்கிறாள். என் வயிற்றில் பிறந்தவள், ஒரு மாதம் அவருக்கு மலம் ஜலம் அள்ளியவள், வேலையை விட்டவள், என்னைப் பார்த்து அப்படிக் கேட்கிறாள். உனக்கு அவரிடமிருந்து நிறைய வந்திருக்கிறது. அவர் முகம் உனக்கு, அவர் பேச்சு உனக்கு, அவர் பிள்ளை என்று நாலு பேர் சொல்கிற பேர் உனக்கு. அவர் உன்னோடு சிரித்த மாதிரி அவளோடு சிரித்ததில்லை, பெண் பிள்ளை என்று தள்ளியே இருந்தார். அவளுக்கென்று அவர் கொடுத்தது அந்த ஒரு சாயங்காலம்தான். அதற்குள்ளும் நீ வந்து உட்கார்ந்துகொண்டு, நகரு என்கிறாய்.

இன்னொன்றும் அந்தப் பக்கத்தில் பார்த்தேன், சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பாதிப் பேர் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். கேமரா காட்டிக்கொண்டே இருந்ததே, அந்த நீலச் சட்டைக்காரன் யார், இப்போது எங்கே இருக்கிறான், அவனைப் பார்த்துத்தான் நாங்களும் ஆடினோம் என்று எழுதியிருக்கிறார்கள். மங்கலான படத்தை வட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். நான்தான் அது என்று உன்னால் ஒரு வார்த்தை சொல்ல முடிந்திருந்தால், இதைவிடப் பெரிய பேர் கிடைத்திருக்கும், அதுவும் உனக்கே சொந்தமான பேர். உன்னுடையதை ஒளித்து வைத்துவிட்டு, தங்கையுடையதை எடுத்துக் காட்டிக்கொண்டிருக்கிறாய். உனக்கு ஒரு பிள்ளை பிறந்து, அது உன் மடியில் உட்கார்ந்து, தாத்தா எப்படி இருந்தார் என்று கேட்கும்போது எதைச் சொல்வாய் என்று யோசித்துப் பார். இதைத்தான் புத்திமதி என்று வைத்துக்கொள். உனக்குச் சொல்ல எனக்கு வேறு புத்திமதி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வரட்டும், நான் தடுக்கவில்லை. கட்டிலை ஜன்னலோரம் போட்டாயிற்று. போட்டோவும் நீ சொன்ன இடத்தில்தான் இருக்கிறது. கேட்டால் நடந்ததைச் சொல்வேன், என் மகள் இங்கே உட்கார்ந்திருந்தாள், என் மகனை டிவியில் பார்த்தோம் என்பேன். அதற்கு முன்னால் நீயே வாயைத் திறந்து சொல்வதானால், நான் ஒரு வார்த்தை குறுக்கே பேச மாட்டேன். ஆனால் அவரைப் போல வாரக்கணக்கில் காத்திருக்க என்னால் ஆகாது. எனக்கு அந்தப் பொறுமையும் இல்லை, உன்மேல் அந்த நம்பிக்கையும் இல்லை.

செல்விக்கு இந்தக் கடிதத்தைப் பற்றித் தெரியாது. அண்ணனைத் தேடி வீட்டுக்கு ஆட்கள் வருகிறார்கள், அவர்களுக்கு டீ போட்டுக் கொடுக்க ஆள் வேண்டும் என்று சொல்லி, ஞாயிற்றுக்கிழமை அவள் லீவு கேட்டு வாங்கி வைத்திருக்கிறாள். கேமரா வந்தால் அடுப்படியிலேயே இருந்துகொள்கிறேன் என்கிறாள்.

டீ நான் போட்டுக்கொள்கிறேன். அவள் கட்டில் பக்கத்தில் உட்காருவாள்.

அம்மா